குறைந்தபட்சம் ஒரு வெள்ளைப் பூ

என் நாத்தனாருக்குக் கணக்கு வராது. அதை அவள் மறைத்ததும் இல்லை. சிலர் பந்தியில் உட்காரும்போதே “எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காது” என்று சொல்லிவிடுவார்களே, அந்த மாதிரி யாரைப் பார்த்தாலும் முதலிலேயே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் அரசு வேலைக்கான பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து, “கணக்கு மட்டும் நீங்க பாத்துக்குங்க அண்ணி” என்றாள். ஏதோ கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கச் சொல்வது போல இருந்தது.

நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். திருச்சியில் படித்த படிப்பு. கல்யாணமாகிப் பட்டாபிராமுக்கு வந்தபிறகு மளிகைக் கடை பில்லைச் சரிபார்ப்பதற்குத் தவிர வேறு எதற்கும் அதை நான் வெளியே எடுத்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு ஆபீஸ் வேலை. அங்கே கூட்டல் கழித்தலை எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை நான் பார்த்துக்கொள்வேன். அதனால் அவள் வந்து கேட்டபோது உள்ளூர எனக்கு ஒரே சந்தோஷம். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் “பாக்கலாம்” என்றேன்.

அவள் என் கணவரின் தங்கை. என்னைவிட ஒரு வயது சின்னவள். காஞ்சிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்து, ஆறு வருஷம் அங்கே இருந்துவிட்டு, ஒரு தீபாவளிக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அடி உதை என்று சொல்லும்படி அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய கஷ்டமே அதுதான். அந்த வீட்டில் யாரும் அவளிடம் பேச மாட்டார்கள். வேலை ஏதாவது ஆகவேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். அவள் கணவர் போனைப் பார்த்துச் சொல்வார். இதைப் போய் உறவுக்காரர்களிடம் எப்படி விளக்குவது? “பேசலன்னா ஒரு காரணமா? நாங்கல்லாம் பேசிக்கிட்டா குடும்பம் நடத்துனோம்?” என்று என் எதிரிலேயே ஒரு சித்தி கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சித்திக்கு அன்று காபியில் சர்க்கரை போடவில்லை. அவளுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அது நல்லதாகவே முடிந்தது.

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்க்கும் என் கணவர், மாமியார், இவள். என் கணவர் நல்ல மனுஷர்தான், ஆனால் வீட்டில் இந்தப் பேச்சு எடுத்தால் உடனே மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர் டேங்க்கை எட்டிப் பார்ப்பார். மாமியார் மகளை “இரு” என்றும் சொன்னதில்லை, “போ” என்றும் சொன்னதில்லை. அம்பத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று சேலை பிரித்துக் காட்டிவிட்டு, கால் வீங்கி வருகிறவளுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பார். அவ்வளவுதான். வயது வரம்பின்படி இந்தப் பரீட்சைதான் அவளுக்குக் கடைசி. “கவர்மென்ட் வேல கிடைச்சிட்டா என்னக் கூப்புட யாருக்கும் வாய் வராது அண்ணி” என்றாள். அந்தப் பரீட்சையின் முடிவைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. இதை எழுதும் இன்று வரை அது வரவில்லை.

கணக்கில் மற்றதெல்லாம் எப்படியோ தள்ளிக்கொண்டு போய்விட்டாள். சதவீதம் அவளுக்குத் தானாக வந்தது, ஆடித் தள்ளுபடி பார்த்த கை அல்லவா. நிகழ்தகவு என்ற பாடம் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாணயம் சுண்டினால் தலை விழ வாய்ப்பு பாதி என்பது வரைக்கும் அவளுக்குச் சம்மதம். இரண்டு நாணயம் என்றதும் சண்டை ஆரம்பமானது.

எங்கள் வகுப்பு பெரும்பாலும் ரயிலில் நடக்கும். காலையில் பட்டாபிராமில் லேடீஸ் பெட்டியில் ஏறி அம்பத்தூர் வருவதற்குள் ஒரு கணக்கு போட்டாக வேண்டும் என்று வைத்திருந்தோம். அன்று ஆவடி தாண்டியதும் கேட்டேன். இரண்டு நாணயங்கள் ஒரே நேரத்தில் சுண்டப்படுகின்றன. ஒரு தலையும் ஒரு பூவும் கிடைக்க நிகழ்தகவு என்ன?

“மூணுல ஒண்ணு” என்றாள், யோசிக்காமல்.

“எப்படி?”

“ரெண்டும் தலை. ரெண்டும் பூ. ஒண்ணு தலை ஒண்ணு பூ. மூணு விதமாத்தானே விழும்? அதுல ஒண்ணு.”

“இல்லடி. முதல் நாணயம் தலை, ரெண்டாவது பூ. அது ஒரு விதம். முதல் நாணயம் பூ, ரெண்டாவது தலை. அது இன்னொரு விதம். மொத்தம் நாலு. அதுல ரெண்டு. பாதி.”

“எது மொத நாணயம்?”

“ஏதோ ஒண்ணு.”

“ரெண்டும் ஒரு ரூபாதானே அண்ணி? ஒரே நேரத்துல சுண்டுறோம்னு நீங்கதானே சொன்னீங்க? பஸ் கண்டக்டர் கைல குடுத்தா, இது மொத ரூபா, இது ரெண்டாவது ரூபான்னா பாத்து வாங்குவாரு?”

நான் பொறுமைசாலி கிடையாது. “கணக்குல வாதாடக் கூடாது, சொன்னதை எழுதணும்” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்துச் சுண்டிவிட்டாள். ஒன்று மடியில் விழுந்தது. இன்னொன்று உருண்டு எதிர் சீட்டுக்கு ஓடியது. அங்கே உட்கார்ந்திருந்த திருநின்றவூர்க்கார அம்மா அதைச் செருப்புக் காலால் மிதித்து நிறுத்தி, பிறகு மகாலட்சுமியை மிதித்துவிட்டோமே என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “இன்னா மேட்ச்சும்மா இது? லேடீஸ் பெட்டில குந்திகினு டாஸ் போட்டுகினு கீறீங்க?” என்றார். பெட்டியே சிரித்தது. அதற்கப்புறம் எங்களைப் பார்த்தாலே அந்த அம்மா “இன்னிக்கு யாரு பேட்டிங்?” என்றுதான் கேட்பார்.

அவளுடைய கேள்வி அன்று ஆபீஸிலும் என்னை விடவில்லை. எது முதல் நாணயம்? பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. சொன்னதை எழுதிவிட்டு மார்க் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது. இவள் ஒப்புக்கொள்ள மறுப்பது மண்டூகத்தனம் இல்லை, தன் கண்ணால் பார்க்காததை நம்ப மாட்டேன் என்கிறாள் என்பது மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் இருவருக்கும் லீவு கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் என் மாமியார் வீட்டில் ஒரு பொருளையும் விடமாட்டார். நிலைப்படி, கேஸ் அடுப்பு, கிரைண்டர், என் கணவரின் பைக், எல்லாவற்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைப்பார். ஒருமுறை வாஷிங் மெஷினைப் பழுது பார்க்க வந்தவர் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூவைக் கழற்றினார். அன்று பூஜைத் தட்டில் இருந்த காசுகளைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்தேன். ஒன்றில் இரு பக்கமும் குங்குமம் வைத்தேன். இன்னொன்றில் இரு பக்கமும் மஞ்சள்.

“இப்ப சுண்டு” என்றேன்.

சமையல் மேடையில் சுண்டிக்கொண்டே இருந்தாள். விழுவதை அவள் சொல்லச் சொல்ல நான் சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். குழம்பு கொதித்து அடங்கும் வரை சுண்டினாள். கொஞ்ச நேரத்தில் தலையும் பூவும் கலந்து விழுவதற்கான கோடுகள்தான் நீளமாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் கையை நிறுத்திவிட்டுக் கோடுகளையே பார்த்தாள்.

“அண்ணி, குங்குமம் தலையா வுழுந்து மஞ்சள் பூவா வுழுறது வேற. மஞ்சள் தலையா வுழுந்து குங்குமம் பூவா வுழுறது வேற.”

“ஆமா.”

“நான் ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டிட்டேன்.”

“ஆமாடி.”

“அப்ப நாலுல ரெண்டு. பாதி.” சொல்லிவிட்டு அவள் சிரித்தாளே, கல்யாண ஆல்பத்தில்கூட நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. என் நாத்தனாரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அதற்கு முன் பிடிக்காமல் இல்லை. ஆனால் நாத்தனார் என்றால் ஓர் எச்சரிக்கையோடுதான் பிடிக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சத்தம் கேட்டு வந்த மாமியார் காசைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “சாமி காசுல சூதாட்றீங்களாடி ரெண்டு பேரும்?” என்று காசைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துக் காஞ்சிபுரம் பக்கமிருந்து ஒரு போன் வந்தது. அவள் கணவரின் பெரியப்பா பேசினார். அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. நடந்தது நடந்துவிட்டது, பையனும் தனியாகக் கிடக்கிறான், பெண்ணை அழைத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறோம், வருகிற வெள்ளிக்கிழமை நானே நேரில் வருகிறேன் என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். என் கணவர் டேங்க்கைப் பார்க்கப் போய்விட்டார். நாத்தனார் கையிலிருந்த புத்தகத்தை மூடாமல் அப்படியே நின்றாள்.

மாமியார் சொன்ன பதில் இதுதான். “வாங்க. பூ கட்டிப் பாப்போம். சாமி இன்னா சொல்லுதோ அதான்.”

எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம் சொல்கிறேன். பூ கட்டிப் பார்ப்பது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, அம்மன் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுப்பது. எங்கள் வீட்டு வழக்கத்தில் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. என் மாமியார் ஃபிரிட்ஜ் வாங்குவதற்குக்கூடப் பூ கட்டியவர். ஆனால் அவர் கட்டுகிற முறையே தனி. சிவப்பு வந்துவிட்டால் அதோடு விட மாட்டார். அன்றைக்குக் குளிக்காமல் யாரோ விளக்கைத் தொட்டுவிட்டார்கள், மனசு நிலையில் இல்லை, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது என்று ஏதாவது ஒன்று சொல்லி மறுபடியும் கட்டுவார். அப்போதும் சிவப்பு வந்தால் மூன்றாவது முறையும் கட்டுவார். மூன்றுக்கு மேல் கேட்க மாட்டார், அது ஒரு நியாயம். நாங்கள் குடியிருக்கும் இந்த ஃபிளாட் மூன்றாவது முறை வந்த வெள்ளையில் வாங்கியது. என்னைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும் இரண்டாவது முறைதான் வெள்ளை வந்ததாம். அதை என் கணவர் வாய்தவறிச் சொல்லிவிட்டு ஒரு வாரம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த வாரம் அவளுக்குப் படிப்பு ஓடவில்லை. நான்தான் விரட்டினேன். எது எப்படிப் போனாலும் பரீட்சையை எழுதியே ஆகவேண்டும் என்றேன். புதன்கிழமை சாயங்காலம் மூன்று நாணயக் கணக்குக்கு வந்தோம். மூன்று நாணயங்கள் சுண்டப்படுகின்றன, குறைந்தபட்சம் ஒரு தலையாவது கிடைக்க நிகழ்தகவு என்ன? இப்போது அவள் தேறிவிட்டாள். எட்டு விதங்களையும் தரையில் எழுதினாள். பிறகு நான் குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தேன். குறைந்தபட்சம் ஒன்று என்று கேட்டால் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்காதே. ஒன்றுகூட வராமல் போவது எத்தனை விதம் என்று பார். மூன்றும் பூவாக விழுந்தால்தான் தலையே இல்லாமல் போகும். அது ஒரே ஒரு விதம். எட்டில் அதைக் கழி.

“எட்டுல ஏழு” என்றாள். “அடேங்கப்பா. கிட்டத்தட்ட வந்தே தீரும்னு சொல்லுங்க.”

“ஆமா. தப்பிக்கிறதுக்கு எட்டுல ஒண்ணுதான்.”

சாக்பீஸைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: “அண்ணி, அம்மா எத்தினி தடவ பூ கட்டும்?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

“மூணு தடவ” என்று அவளே சொன்னாள். “மூணுல ஒரு தடவ வெள்ள வந்தாப் போதும். அதோட நிறுத்திக்கும். சாமி உத்தரவு குட்த்துட்ச்சினு பொட்டியக் கட்டிடும்.” தரையில் இருந்த எட்டு வரிகளையும் விரலால் தொட்டுக்கொண்டே போய்க் கடைசி வரியில் நிறுத்தினாள். “எட்டுல ஏழு நான் அங்க போயிடுவேன் அண்ணி. எனக்கு இந்த ஒண்ணுதான் கீது.”

கணக்குச் சரியாக வந்துவிட்டதற்காக அவளைப் பாராட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

அன்றே அவள் அம்மாவிடம் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன். “அம்மா, ஒரே தடவ கட்டு. வர்றது வரட்டும். திருப்பித் திருப்பி எடுத்தா அது சாமி சொல்றது இல்ல, நீ சொல்றது” என்றாள். மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், “சாமி விஷயத்துல எனக்குக் கணக்கு சொல்லாத. போ” என்றார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருஷத்தில் மாமியாரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது அந்த இரண்டு நாள்தான். வியாழக்கிழமை ரயிலில் நாத்தனாரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். பூவை நான் கட்டுகிறேன் என்று முந்திக்கொள்வது, இரண்டு காகிதத்திலும் சிவப்பையே வைத்துவிடுவது. அவள் கண்ணை அகலமாகத் திறந்து, “பாவம் வந்து சேரும் அண்ணி” என்றாள். வந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும் என்றேன். எனக்கு நிஜமாகவே பயம்தான். திருச்சியில் என் அம்மா சமயபுரத்தாளைக் கும்பிடாமல் பல் துலக்க மாட்டாள். அந்த வளர்ப்பு சும்மா போகுமா?

வெள்ளிக்கிழமை காலை நான் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு போய், “அத்தை, பூ நான் கட்டட்டுமா? நீங்க விளக்கைப் பாருங்க” என்றேன். குரல் எவ்வளவு இனிப்பாக வந்தது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

“நீ வாணாம். நானே கட்டிக்கிறேன்” என்றார். பூக்கூடையை எடுத்துக்கொண்டு பூஜை அலமாரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் முதுகுதான் தெரிந்தது. என் திட்டம் அதோடு முடிந்தது.

பெரியப்பா பூந்தமல்லி வழியாக பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் ஆப்பிள், மல்லிகை, ஸ்வீட் பாக்ஸ். முடிவு செய்துவிட்டு வந்தவரின் கை அது. என் கணவருக்குக் காலை ஷிப்ட், கிளம்பிப் போய்விட்டார். நாத்தனார் உள் அறையில் கதவை ஒருக்களித்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் என்ன படித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் படித்திருக்க மாட்டாள்.

மாமியார் விளக்கேற்றி, சூடம் காட்டி, தட்டில் கிடந்த இரண்டு பொட்டலங்களையும் குலுக்கினார். ஒரே மாதிரி மடித்த காகிதம், ஒரே மாதிரி சுற்றிய நூல். அந்தக் குங்குமக் காசும் மஞ்சள் காசும் மாதிரி ஏதாவது ஓர் அடையாளம் தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. தட்டைப் பெரியப்பாவின் முன்னால் நீட்டினார். “நீங்க பெரியவரு. உங்க கையாலயே எடுங்க.”

அவர் கண்ணை மூடிக் கும்பிட்டு, ஒன்றை எடுத்து, நூலைப் பிரித்தார். செவ்வரளி.

மாமியார் மற்ற பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “சாமி உத்தரவு குடுக்கல” என்றார்.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. முதல் முறைதானே ஆகியிருக்கிறது. பெரியப்பாவுக்கும் எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்திருந்தது. “ஒரு தடவைல முடிவு பண்ணிட முடியுமா சம்பந்தியம்மா? வழியெல்லாம் ஒரே சத்தம், என் மனசும் ஒரு நிலையில இல்ல. நீங்க எப்பவும் மூணு தடவை பாப்பீங்களே? இன்னொரு தடவை போடுங்க” என்றார்.

“கேட்டாச்சு, சொல்லிட்சு” என்றார் மாமியார். “ஒரு தடவ வாணான்னு சொன்னப்புறம் திருப்பித் திருப்பிக் கேக்குறது மரியாத இல்லீங்க. பெரியவங்க உங்களுக்குத் தெரியாததா?”

ஃபிளாட்டுக்கு மூன்று முறை கேட்டவர் சொல்கிற பேச்சா இது? நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். என் மாமியார் முடியாது என்று சொல்லியிருந்தால் பெரியப்பா சாயங்காலம் வரை வாதாடியிருப்பார். சாமி முடியாது என்றதோடு யார் வாதாடுவது? காபி குடித்தார், மழை பற்றி நாலு வார்த்தை பேசினார், ஸ்வீட் பாக்ஸை மட்டும் வைத்துவிட்டுக் கிளம்பினார். லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டதும் நாத்தனார் அறையிலிருந்து வெளியே வந்தாள். “நெசமாவே செவப்பா?” என்று என்னிடம் கேட்டாள். தலையாட்டினேன்.

மாமியார் ஒன்றும் நடக்காதது போல அடுப்படிக்குப் போய்த் தோசைக்கல்லைப் போட்டார். “காலைலருந்து பட்டினியாக் கீறே. வந்து துன்னு” என்று மகளைக் கூப்பிட்டார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். மாவைக் கரண்டியில் எடுக்க அம்மா குனிந்தபோது இடுப்பில் செருகியிருந்த பொட்டலம் வெளியே தலைகாட்டியது. அவள் அதை உருவி எடுத்துவிட்டாள். மாமியார் “ஏய், குட்றி” என்று கையை நீட்டுவதற்குள் நூலைப் பிரித்தாள்.

அதிலும் செவ்வரளிதான் இருந்தது.

“இன்னாம்மா இது?” என்றாள்.

“பூ” என்றார் மாமியார், கல்லைப் பார்த்துக்கொண்டே.

“ரெண்டுமே செவப்பா வெச்சியா?”

மாமியார் கரண்டி மாவைக் கல்லில் ஊற்றித் தேய்த்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. நான் செய்யத் துணிந்து பயந்த காரியத்தை இந்த மனுஷி சத்தமில்லாமல் செய்துவிட்டு நிற்கிறாரே. “அம்மன் கோவிச்சுக்க மாட்டாளா அத்தை?” என்று கேட்டேன்.

“கோச்சிக்கட்டும். நான் பேசிக்கிறேன்.” தோசையைத் திருப்பிப் போட்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்: “இவ கண்ணாலத்துக்கும் கட்டிப் பாத்தேன். மொத தடவ செவப்பு. மறுநாள் கட்டுனேன், அப்பவும் செவப்பு. ரெண்டு தடவ சாமி வாணான்னு சொல்லிட்சு. நல்ல எடமாச்சே, சொந்த ஊடு, ஒரே புள்ள, உட மன்சு வரல எனக்கு. மூணாவது தடவ வெள்ள வந்துது. அதக் கெட்டியாப் புட்ச்சிகினேன்.”

நாத்தனார் கையில் இருந்த பூவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு தடவ செவப்பு வந்துச்சா? இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ வாணான்ட்டு இருப்பியே.”

அதற்கப்புறம் அவள் திட்ட ஆரம்பித்தாள். அவள் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்று ஆறு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். நல்ல இடமாம், சொந்த வீடாம், அந்தச் சொந்த வீட்டில் ஒரு நாள் நீ இருந்து பார்த்தாயா என்று கேட்டாள். போனிலே நான் அழுதபோதெல்லாம் பொறுத்துக்கொள் என்று எந்த வாயால் சொன்னாய் என்று கேட்டாள். கேட்கக் கூடாததையும் கேட்டாள். நான் குறுக்கே போகவில்லை. மாமியார் அடுப்பைக் குறைத்து, முறுகலாக இன்னொரு தோசை வார்த்து, எண்ணெய் விட்டு எடுத்து, மகள் தட்டில் போட்டார். அவள் திட்டிக்கொண்டே அதைப் பிய்த்துத் தின்றாள்.